நிறுத்தி வைக்கும் மோட்டார் சைக்கிளின் பாட்டரியைப் பேணும் முறை

(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

இராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையை ஒட்டியும், அதற்கு மேற்கே மலையடிவாரத்திலும் உள்ள சேத்தூர், தேவதானம் முதலிய கிராமங்களில் மோட்டார் சைக்கிளானது இப்பொழுது ஆடம்பரப் பொருளாக இல்லை. கலப்பையும் மண்வெட்டியும் போல அதுவும் குடியானவரின் தளவாடங்களில் ஒன்றாகிவிட்டது. உரமூட்டையைத் தோட்டத்திற்குக் கொண்டுபோவதும், பாற்குடத்தைச் சங்கத்திற்கு எடுத்துச் செல்வதும், இராக்காலத்தில் தண்ணீர் முறைக்குப் போய் வருவதும் அதைக் கொண்டே நடைபெறுகின்றன. நள்ளிரவில் ஒருவரை விஷப்பூச்சி தீண்டிவிட்டாலும், பிரசவ வேதனை கண்டாலும், ஆஸ்பத்திரிக்குச் செய்தி சொல்லவும் ஆளைக் கொண்டுபோகவும் முதலில் வெளியே இழுக்கப்படும் வண்டி பெரும்பாலும் அதுவே. ஆகையால், அவசரத்தில் அவ்வண்டி கிளம்பாமற் போவது வெறும் தொந்தரவு மட்டுமன்று. சில சமயங்களில் அது உயிருக்கே ஹானியாய் முடியவுங் கூடும்.

இவ்வண்டிகள் வருஷம் முழுவதும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்து வண்டிப்பாதைகள் சேறாகிவிடும்போது பலர் வண்டியைத் தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டு நடந்தே வயலுக்குச் செல்கின்றனர். வயது முதிர்ந்த குடியானவர் சிலர் நடவு முடிந்ததும் பட்டணத்திலுள்ள பிள்ளைகளிடம் சென்று தைப் பொங்கலுக்குத் திரும்புகின்றனர். இராணுவத்திலோ அயல்நாட்டிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவு முடிந்து போகுங்கால் தம் வண்டியை வீட்டிலேயே விட்டுச் செல்கின்றனர். இவ்விதம் ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழிந்தபின் வண்டியை எடுத்தால் விளக்கு மங்கலாக எரிகிறது, ஹார்ன் முனகுகிறது, என்ஜின் அசைவதில்லை. “நல்ல பாட்டரி, ஓடாமல் கிடந்தும் கெட்டுவிட்டதே” என்று வருந்திப் புதிது வாங்குவோர் அநேகர். உண்மையில் அந்தப் பாட்டரி கெட்டதற்குக் காரணமே அது ஓடாமல் கிடந்ததுதான். இதன் காரணத்தையும் தடுக்கும் வழியையும் இக்கட்டுரையில் விவரிப்போம்.

பாட்டரியின் அமைப்பு

மோட்டார் சைக்கிள்களில் சாதாரணமாக உள்ளது ஈயமும் கந்தகத் திராவகமும் சேர்ந்த பாட்டரியாகும். இதை 1859-ஆம் வருஷத்தில் பிரான்சு தேசத்தைச் சேர்ந்த காஸ்தோன் பிளாந்தே என்பவர் கண்டுபிடித்தார். 1881-இல் அதே தேசத்தவரான கமீல் ஃபோர் என்பவர், ஈயக் கலவையைப் பசைபோல் தகடுகளில் பூசும் முறையைக் கொண்டுவந்து அதைச் சீர்திருத்தினார். இன்றும் டிராக்டர், லாரி, மோட்டார் சைக்கிள் ஆகியவற்றில் பெரும்பான்மையாக உபயோகப்படுவது இந்த இனமேயாகும்.

12 வோல்ட் பாட்டரி ஒன்றினுள் 6 அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும் 2 வோல்ட்டுக்குச் சற்று அதிகமாக மின்சாரம் தரும். அறையில் இருவகைத் தகடுகள் திராவகத்தில் நிற்கின்றன. ஒன்றில் ஈயப் பிராணவாயுக் கூட்டுப்பொருளும், மற்றொன்றில் கடற்பஞ்சு போன்ற மெல்லிய ஈயமும் இருக்கும். மின்சாரம் செலவாகும்பொழுது திராவகத்திலுள்ள கந்தகச் சத்து இருவகைத் தகடுகளிலும் போய்ப் படிந்து ஈய ஸல்பேட் என்னும் வெண்ணிறப் பொருளாகிறது; திராவகமோ நீர்த்துப்போகிறது. திரும்பச் சார்ஜ் ஏற்றினால் அந்த ஸல்பேட் கரைந்து தகடுகளும் திராவகமும் முன்னிருந்த நிலையை அடைகின்றன.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. புதிதாகப் படிந்த ஸல்பேட் மாவுபோல் இருப்பதால் எளிதிற் கரையும். பாட்டரியைக் காலியான நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டுவைத்தால் அது கெட்டியான கற்கண்டு போல் உறைந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுதும் கரையாது. அத்தகைய தகட்டில் உறைந்த பாகம் வேலைக்கு உதவாது. வயலில் களை முளைத்த அன்றே பிடுங்கினால் விரல் போதும். முற்றி விதை விட்டபின் மண்வெட்டியும் போதாது. பாட்டரியின் காரியமும் அத்தகையதே.

ஓடாத வண்டியில் மின்சாரம் எங்கே போகிறது?

இதற்கு இரண்டு வழிகள் உள. முதலாவது, பாட்டரி தனக்குள்ளேயே மெல்ல மெல்ல இழந்துகொண்டிருக்கும். கம்பிகள் ஒன்றும் இணைக்கப்படாமல் பலகையின் மேல் சும்மா இருந்தாலும் இது நிற்பதில்லை. உஷ்ணம் அதிகமாக அதிகமாக இந்நஷ்டமும் அதிகமாகும். ஏறக்குறைய 10 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் ஏறுந்தோறும் நஷ்டம் இரட்டிப்பாகிறது என்பது பொது விதி. அதாவது, 20 டிகிரியுள்ள குளிர்ந்த அறையில் நான்கு மாதத்தில் இழப்பதை, 40 டிகிரி காயும் தகரக் கொட்டகையில் ஒரே மாதத்தில் இழந்துவிடும்.

இரண்டாவது, வண்டியின் சாவியைத் திருப்பி எடுத்த பின்னும் சில கருவிகள் மின்சாரத்தைச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டிருக்கும். கடிகாரம், திருட்டைத் தெரிவிக்கும் ஒலிக்கருவி, வண்டி இருக்குமிடத்தைக் காட்டும் கருவி முதலியன இவ்வகையின. இவற்றின் செலவு அற்பமாகத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் அற்பமன்று. ஒரு வண்டியில் 5 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பாட்டரி இருப்பதாகவும், மேற்படிக் கருவிகள் 5 மில்லியாம்பியர் மட்டும் எடுப்பதாகவும் வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 24 மணிக்கு 0.12 ஆம்பியர்-மணி செலவாகும். அவ்வாறாயின் 41 நாளில் பாட்டரி முற்றிலும் காலியாகும். 20 நாளிலேயே பாதியாகிவிடும். பாட்டரி தன்னுள் இழப்பதையும் சேர்த்தால் இன்னும் விரைவில் தீரும். ஐப்பசி முதல் தேதி நிறுத்திய வண்டி கார்த்திகை நடுவில் கிளம்பாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

உழவு இல்லாத மாதமென்று எருதுகளைத் தீனியின்றிக் கட்டிப்போடுவார் எவருமில்லை. பாட்டரியும் வேலையில்லாத காலத்தில் சிறிது தீனி வேண்டுவதென்று கருதினால் பின்வரும் முறைகள் எளிதில் விளங்கும்.

குளிர் தேசமும் நமது தேசமும்

ஐரோப்பா, கனடா முதலிய குளிர் தேசங்களில் பனி பெய்யும் மாதங்களில் மோட்டார் சைக்கிள்களைக் கொட்டகையில் பூட்டி வைப்பது வழக்கம். நமது தேசத்திலும் லடாக் பிரதேசத்தின் லே நகரில் குளிர்கால இரவுகளில் உஷ்ணம் பூஜ்யத்திற்குக் கீழ் 20 டிகிரி வரை இறங்குவதுண்டு. அவ்விடங்களில் பாட்டரிக்கு வரும் பெரிய அபாயம் உறைதலாகும். முழுச் சார்ஜுள்ள பாட்டரியின் திராவகம் பூஜ்யத்திற்குக் கீழ் 50 டிகிரியிலுங்கூட உறையாது. காலியான பாட்டரியின் திராவகமோ தண்ணீரைப் போன்று நீர்த்துவிடுவதால் பூஜ்யத்திற்குக் கீழ் 7 அல்லது 8 டிகிரியிலேயே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும்.

நமது மலையடிவாரத்தில் மார்கழிப் பனி கடுமையாயிருந்த போதிலும் பாட்டரி உறையும் பயம் சிறிதும் இல்லை. குளிர்ச்சியினால் நஷ்டம் குறையுமாதலால் மார்கழி, தை மாதங்கள் பாட்டரிக்கு நல்ல மாதங்களென்றே சொல்லலாம். இங்கே கெடுதி செய்வன, மழைக்காலத்தில் நெடுநாள் ஓடாமையும் ஈரக்கசிவும், கோடையில் உஷ்ணம். ஆகவே, அயல்நாட்டு வழக்கத்தைப் படித்துவிட்டுப் பாட்டரியைச் சாக்கில் சுற்றிச் சமையலறை அடுப்பருகே வைப்பது முற்றிலும் தவறு. நமக்கு வேண்டுவது குளிர்ந்த, உலர்ந்த, காற்றோட்டமுள்ள இடமேயாகும்.

உதைத்தால் கிளம்பும் என்னும் நம்பிக்கை

“பாட்டரி போனாலென்ன, உதைத்துக் கிளப்பிக்கொள்ளலாம்” என்று சொல்வோருண்டு. முற்காலத்து வண்டிகள் பலவற்றிற்கு இது பொருந்தும். 1980-இல் வெளிவந்த டிவிஎஸ் 50 போன்ற வண்டிகளில் என்ஜினின் சுழற்சியினாலேயே தீப்பொறி உண்டாகும், பாட்டரியை எதிர்பார்ப்பதில்லை. ஆனால் 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி அமலுக்கு வந்தபின் செய்யப்படும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை பெட்ரோலை மின்சாரத்தினால் பீச்சும் அமைப்பை உடையன. அவற்றில் பெட்ரோல் பம்பும், அதை நடத்தும் கருவியும் பாட்டரியிலிருந்து மின்சாரம் பெற்றாலன்றி வேலை செய்யா. உதைக்கும் மிதியே இல்லாத வண்டிகளும் பல. ஆகையால் பழைய வண்டியில் அலட்சியமாய் இருந்தவர் புதிய வண்டியிலும் அவ்வாறே இருக்கலாகாது.

நிறுத்துவதற்கு முன் செய்ய வேண்டியவை

மூன்று வாரங்களுக்கு மேல் வண்டி ஓடாதென்று தெரிந்தால் பாட்டரியைக் கழற்றி வைப்பது உத்தமம். அதற்கான கிரமம் வருமாறு:

1. முதலில் பாட்டரியின் வகையை அறிய வேண்டும். மேலே ஆறு சிறு மூடிகளும், பக்கத்தில் மேல்வரை, கீழ்வரை என்ற இரு கோடுகளும் இருந்தால் அது தண்ணீர் ஊற்றும் வகை. மூடிகளின்றி முற்றும் அடைக்கப்பட்டிருந்தால் அது அடைப்பு வகை. பின்னதை எக்காரணத்தாலும் திறக்கவோ துளைக்கவோ கூடாது. லித்தியம் என்று எழுதப்பட்டிருந்தால் அது வேறு இனம். அதற்கென ஏற்பட்ட சார்ஜரைத் தவிர வேறெதையும் இணைக்கலாகாது.

2. சாவியை எடுத்தபின், முதலில் கழித்தல் குறியுள்ள முனையையும், பிறகு கூட்டல் குறியுள்ள முனையையும் கழற்ற வேண்டும். இவ்வரிசைக்குக் காரணம் உண்டு. வண்டியின் இரும்புச் சட்டம் முழுவதும் கழித்தல் முனையோடு சேர்ந்தது. கூட்டல் முனையை முதலில் கழற்றுகையில் ஸ்பானர் சட்டத்தில் பட்டால் பெரும் பொறி எழும்பிக் கையைச் சுடும். பாட்டரிக்கும் சேதம் விளையும். கழித்தல் முனை முன்னமே விலக்கப்பட்டிருந்தால் அந்த அபாயம் இல்லை.

3. முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி ஆப்பச்சோடாவைக் கரைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். சோடாத் தண்ணீர் ஒரு துளியேனும் அறைக்குள் இறங்கக் கூடாது. அது உள்ளே சென்றால் திராவகத்தின் வலிமையை அழித்துவிடும். கழுவியபின் உலர்த்தி, முனைகளில் மெல்லியதாக வாஸலின் தடவலாம். பாட்டரியின் மேற்புறத்தில் படிந்த ஈரமான தூசி இரு முனைகளுக்குமிடையே மின்சாரம் கசிய வழியாகுமாதலால் அதையும் துடைத்துவிட வேண்டும்.

4. முழுச் சார்ஜ் ஏற்றியே பாட்டரியை வைக்க வேண்டும். அரைகுறையாய் வைப்பது, நன்றாகக் காயாத நெல்லைக் குதிரில் கொட்டுவதற்கு ஒப்பாகும்.

எவ்வளவு இருக்கிறதென்று அறியும் வகை

மின்சாரக் கடைகளிற் கிடைக்கும் சாதாரண வோல்ட் மீட்டர் ஒன்று ஒவ்வொரு பெருங்குடியானவர் வீட்டிலும் இருத்தல் நலம். சார்ஜ் ஏற்றிய உடனே அளந்தால் பொய்யான உயர்வு காட்டும். ஓர் இரவு சும்மா வைத்துக் காலையில் அளக்க வேண்டும். 12 வோல்ட் பாட்டரியின் கணக்கு ஏறக்குறைய இது:

12.6 முதல் 12.8 வரை — முழு நிலை. (அடைப்பு வகையில் 13 வரையும் காட்டும்.)
12.4 — முக்கால்.
12.2 — பாதி.
12.0 — கால்.
11.8-க்குக் கீழ் — காலி.

முழுமைக்கும் வெறுமைக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு வோல்ட்டே என்பதைக் கவனிக்கவும். “12 வோல்ட் காட்டுகிறது, நன்றாகத்தான் இருக்கிறது” என்று திருப்தியடைவோர் உண்மையில் முக்காற்பங்கு காலியான பாட்டரியை வைத்துக்கொண்டிருக்கின்றனர். அளவு 12.4-க்கு இறங்கியதும் சார்ஜ் ஏற்றிவிட வேண்டும். அதற்கு மேல் தாமதித்தல் தகாது.

தண்ணீர் ஊற்றும் வகையில் ஹைட்ராமீட்டர் கொண்டு திராவகத்தின் அடர்த்தியையும் பார்க்கலாம். முழுச் சார்ஜில் அது, பாட்டரியின் வகையைப் பொறுத்து, 1.240 முதல் 1.280 வரை இருக்கும். பாட்டரியோடு வரும் சீட்டில் கண்ட எண்ணே பிரமாணம். ஆறு அறைகளில் ஐந்து ஒத்திருந்து ஒன்று மட்டும் 0.050-க்கு மேல் தாழ்ந்திருக்குமாயின் அவ்வறை பழுதாகிவிட்டதென்று அறியலாம்.

சார்ஜ் ஏற்றும் விதம்

பாட்டரியின் மேல் எழுதியுள்ள ஆம்பியர்-மணி எண்ணில் பத்தில் ஒரு பங்கே சார்ஜ் ஏற்றும் வேகமாக இருக்க வேண்டும். 5 ஆம்பியர்-மணியுள்ளதற்கு அரை ஆம்பியர். 9 உள்ளதற்கு 0.9; 14 உள்ளதற்கு 1.4. பாதி காலியான 5 ஆம்பியர்-மணி பாட்டரிக்குக் குறைவு 2.5 ஆம்பியர்-மணி, அரை ஆம்பியரில் 5 மணி நேரம் ஆகும், இடையில் ஏற்படும் நஷ்டத்திற்காக இன்னும் ஒரு மணி சேர்த்துக்கொள்ளலாம்.

லாரி, டிராக்டர் பாட்டரிகளுக்கு உள்ள பெரிய சார்ஜரில் சிறு பாட்டரியை மாட்டி “ஒரு மணியில் ஏற்றித் தருகிறேன்” என்று சொல்லும் இடங்களுக்குக் கொண்டுபோகக் கூடாது. வாய்க்காலின் முழுத் தண்ணீரையும் நாற்றங்காலில் திறந்துவிடுவது எவ்விதமோ அவ்விதமே இதுவும். திராவகம் கொதித்துத் தண்ணீர் வற்றித் தகட்டின் பூச்சு உதிர்ந்துவிடும். பெட்டியில் கை வைத்துப் பார்த்து, வெதுவெதுப்புக்கு மேல் சூடானால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

முழுமையடைந்ததும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் தானியங்கிச் சார்ஜர்கள் இப்பொழுது கிடைக்கின்றன. அவை 12 வோல்ட் பாட்டரியைச் சுமார் 14.4 வோல்ட் வரை ஏற்றிப் பிறகு 13.5 வோல்ட்டை ஒட்டித் தாங்கி நிற்கும். வீட்டில் ஆளிருந்தால் இதுவே சுலபமான வழி. சிறு சூரிய ஒளிப் பலகையைக் கொண்டும் இவ்விதம் செய்யலாம். ஆனால் நடுவில் அளவைக் கட்டுப்படுத்தும் கருவி அவசியம் இருக்க வேண்டும்.

சார்ஜ் ஏறுகையில் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு அது சேர்ந்தாலே ஒரு பொறியினால் வெடிக்கக்கூடும். ஆகையால் காற்றோட்டமுள்ள தாழ்வாரத்தில் வைத்தே ஏற்ற வேண்டும். அருகில் பீடி, சிம்னி விளக்கு, அடுப்பு ஒன்றும் கூடாது. கிளிப்புகளை முனைகளில் மாட்டிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். சுவிட்சை நிறுத்திய பிறகே கிளிப்புகளை எடுக்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றி

தண்ணீர் ஊற்றும் வகையில் திராவகம் கீழ்வரைக்குத் தாழ்ந்தால் காய்ச்சி வடித்த ஜலம் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று ஜலம், குழாய் ஜலம், குடிப்பதற்கென்று புட்டியில் விற்கும் ஜலம், கூரையிலிருந்து பிடித்த மழை ஜலம் ஆகிய யாவும் விலக்கத்தக்கன. அவற்றில் கரைந்துள்ள உப்புக்களும் உலோகத் துகள்களும் பாட்டரி தன்னுள் இழக்கும் வேகத்தைப் பெருக்குவதோடு தகடுகளையும் கெடுக்கும்.

திராவகம் குறைந்தால் திராவகமே ஊற்ற வேண்டுமென்று எண்ணுவது மற்றொரு பிழை. வற்றுவது தண்ணீர், கந்தகச் சத்து உள்ளேயே இருக்கிறது. மேலும் திராவகம் ஊற்றினால் கடுமை மிகுந்து தகடுகள் அரித்துப்போகும். தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்குமளவு மட்டும் தண்ணீர் ஊற்றிச் சார்ஜ் ஏற்றி, முடிந்தபின் மேல்வரை வரை நிரப்ப வேண்டும். முன்னரே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும்.

திராவகம் உடம்பில் பட்டால் உடனே ஏராளமான தண்ணீரால் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிஷம் தாராளமாகத் தண்ணீர் விட்டு அலம்பிக்கொண்டே இருந்து, பின் தாமதமின்றி வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

வைக்கும் இடம்

பாட்டரியை நிமிர்ந்த நிலையில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், வெயில் படாத அறையில் வைக்க வேண்டும். விதைநெல், தவிடு, பிண்ணாக்கு, வைக்கோல் ஆகியவற்றின் அருகில் வைத்தல் தகாது. தகரக் கொட்டகையை விட ஓட்டு வீடு நல்லது.

பாட்டரியைத் தரையில் வைத்தால் பூமி மின்சாரத்தை இழுத்துவிடும் என்று பலரும் நம்புகின்றனர். மரத்தாலும் கசியும் ரப்பராலும் பெட்டி செய்த காலத்தில் இதற்குச் சிறிது ஆதாரம் இருந்தது. இக்காலத்துப் பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு அந்தப் பயமில்லை. ஆயினும் மழைக்காலத்தில் தரை ஈரமாயிருக்குமாதலால் பலகையின்மேல் வைப்பது சுத்தத்திற்கு ஏற்றது.

கழற்ற இயலாதவர்கள் செய்ய வேண்டியது

பாட்டரியைக் கழற்றத் தெரியாதவர்கள் வாரம் ஒருமுறை என்ஜினைக் கிளப்பி ஐந்து நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு நிறுத்துவது வழக்கமாயிருக்கிறது. இதனால் நன்மையைவிடத் தீமையே அதிகம். கிளப்பும்பொழுது பாட்டரியிலிருந்து பெரிய அளவு மின்சாரம் செலவாகிறது. என்ஜின் மெதுவாக ஓடுகையில் உண்டாகும் மின்சாரமோ சொற்பம். 2017 ஏப்ரல் முதல் செய்யப்படும் இருசக்கர வண்டிகளில் என்ஜின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கு தானாகவே எரியுமாதலால் அச்சொற்பத்திலும் ஒரு பங்கு அதற்கே போய்விடும். வரவைவிடச் செலவு மிகுந்தால் குடும்பம் எப்படிக் குன்றுமோ அப்படியே பாட்டரியும் வாரத்திற்கு வாரம் குன்றும். ஓட்டுவதானால் பதினைந்து நாளைக்கொருமுறை, மழை விட்ட நேரத்தில், நல்ல சாலையில் அரைமணி நேரத்திற்குக் குறையாமல் ஓட்டிவர வேண்டும். தேவதானத்திலிருந்து இராஜபாளையம் சந்தைக்குப் போய்த் திரும்புவது இதற்குப் போதுமானது.

மற்றத் தளவாடங்களுக்கும் இதுவே விதி

மேற்கூறிய முறைகள் மோட்டார் சைக்கிளுக்கு மட்டுமன்றி, டிராக்டர், பவர் டில்லர், பாட்டரியால் இயங்கும் மருந்து தெளிப்பான் ஆகியவற்றுக்கும் பொருந்தும். தெளிப்பானைப் பூச்சி கண்டபோது மட்டும் எடுப்பதால் அதன் பாட்டரியே எல்லாவற்றிலும் முந்திக் கெடுகிறது. மருந்தடித்து முடிந்த அன்றே சார்ஜ் ஏற்றி வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

நமது பகுதிக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. மேற்கு மலையின் காடுகள் 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. காட்டை ஒட்டிய தென்னந்தோப்பு, மாந்தோப்பு, கரும்புத் தோட்டங்களில் யானையும் பன்றியும் புகாதிருக்கச் சூரிய மின்வேலி அமைத்தவர்கள் இருக்கின்றனர். அவ்வேலியை இரவில் காத்து நிற்பது ஒரு பாட்டரியே. கார்த்திகை மாதத்தில் தொடர்ந்து மேகம் மூடி வெயிலின்றிப் போனால் அது நிரம்பாமல் ஒருநாள் இரவில் வேலி வெறும் கம்பியாகிவிடும். பத்து வருஷத் தென்னை ஓரிரவில் அழிவதற்கு அது போதும். மூடலான நாட்களில் அந்தப் பாட்டரியை மூன்று நாளைக்கொருமுறை அளந்து, குறைந்தால் வீட்டு மின்சாரத்தால் ஏற்றிவிட வேண்டும்.

உபயோகமற்ற பாட்டரியை என் செய்வது?

முழு நேரமும் சார்ஜ் ஏற்றி, ஓர் இரவு வைத்தும் 10.5 வோல்ட் அளவிலேயே நின்றால் ஓர் அறை செத்துவிட்டதென்று கொள்க. பெட்டி உப்பியிருந்தாலும், விரிசல் கண்டாலும் அதை மீண்டும் உபயோகிக்கலாகாது.

இவ்விடத்தில் கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் விசேஷமாகக் கவனிக்க வேண்டியதொன்று உண்டு. பழைய பாட்டரியைத் தோட்டத்து மூலையில் எறிவதும், ஈயத்திற்காக உடைத்துத் திராவகத்தை வாய்க்காலில் ஊற்றுவதும், ஈயத்தை அடுப்பில் உருக்குவதும் கொடிய தீமைகளாம். ஈயம் மண்ணில் சேர்ந்தால் அகலுவதில்லை. கீரையிலும் கிணற்றிலும் கலந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். உடைந்த பாட்டரியை மாடுகள் உப்புச்சுவைக்காக நக்கி ஈய விஷத்தால் கண் தெரியாமல் தடுமாறி, நுரை தள்ளி இறப்பது பல தேசங்களிலும் கண்ட உண்மை. பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பு 2001-ஆம் வருஷத்து விதிகளாலேயே ஏற்பட்டது. இப்போது நடைமுறையிலுள்ள 2022-ஆம் வருஷத்துப் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அப்பொறுப்பை உற்பத்தியாளர் மீது இன்னும் உறுதியாகச் சுமத்துகின்றன. புதிது வாங்குகையில் பழையதைக் கடையில் கொடுத்தால் விலையில் கழிவும் கிடைக்கும். ஆகவே வீதி வழியாக வரும் பழைய இரும்பு வியாபாரியிடம் அதைப் போடாதிருப்பதே சட்டத்திற்கும் ஊரின் க்ஷேமத்திற்கும் ஒத்தது.

மாதவாரிக் குறிப்பு

புரட்டாசி: மழைக்கு முன் பாட்டரியைக் கழற்றிக் கழுவி, முழுச் சார்ஜ் ஏற்றிப் பலகையில் வைக்கவும். கழற்றிய தேதியைச் சுண்ணாம்பால் சுவரில் எழுதி வைக்கவும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி: மாதம் ஒருமுறை, அமாவாசையன்று என்று வைத்துக்கொண்டால் மறதி வராது, வோல்ட் அளக்கவும். 12.4-க்கு இறங்கியிருந்தால் ஏற்றவும்.

தை: பொங்கலுக்கு முன் ஒருமுறை முழுச் சார்ஜ் ஏற்றி வண்டியில் பொருத்தவும். பொருத்தும்போது கூட்டல் முனை முதலில், கழித்தல் முனை பின்னர். முனைகள் தளர்ச்சியின்றி முறுக்கப்பட்டிருக்க வேண்டும்.

பங்குனி முதல் ஆனி வரை: கோடையில் வண்டி நிற்குமாயின் பதினைந்து நாளைக்கொருமுறை அளக்கவும். தண்ணீர் ஊற்றும் வகையில் மட்டத்தையும் பார்க்கவும்.

இவற்றிற்கெல்லாம் மாதத்தில் ஒரு நாழிகைப் பொழுதும், ஒரு வோல்ட் மீட்டரும், ஒரு சிறு சார்ஜருமே வேண்டியவை. ஒரு வீட்டாரால் இயலாவிடின் பக்கத்துத் தோட்டக்காரர் நால்வர் சேர்ந்து ஒரு சார்ஜரை வாங்கி முறை வைத்து உபயோகிக்கலாம். தண்ணீர் முறை வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது புதிதன்று. வெளியூர் செல்லும் பெரியவர்கள் வீட்டுச் சாவியோடு பாட்டரியின் பொறுப்பையும் அண்டை வீட்டிலுள்ள ஓர் இளைஞரிடம் ஒப்புவித்துச் செல்வார்களாக. திரும்பி வந்த இரவிலேயே அவ்வண்டியின் உதவி ஒருவருக்கு வேண்டியிருக்கலாம்.